தென்னாப்பிரிக்காவில் முதியோர் இல்லம்: எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும்

டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ புதிதாக வருகிறவர்கள் வாடகை வீடு, பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள், முதியோர் இல்லத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே அதன் வாசலை மிதிக்க வேண்டிவரும். கல்யாணமாகி வந்த வீட்டில் கணவரின் பாட்டி, டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஓர் இல்லத்தில் இருப்பார். அல்லது புரட்டாசியில் கோயிலிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறவர்களோடு நீங்களும் போவீர்கள். சிலருக்கு வேலையே அங்கேதான் கிடைக்கும்.

எல்லா இல்லமும் மோசம் என்று சொல்ல வரவில்லை. டர்பனில் நம் இந்திய சமூகத்தார் 1921இல் தொடங்கிய ஆரிய பெனவலன்ட் ஹோம் போன்றவை தலைமுறை தலைமுறையாக ஆதரவற்றவர்களைப் பார்த்துக்கொண்டு வருகின்றன. நான் சொல்ல வருவது வேறு. அங்கே ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டால், ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நாட்டுச் சட்டமும் காத்திருக்கச் சொல்லவில்லை.

2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 60 வயதான பெண்ணும் 65 வயதான ஆணும் அதன் பாதுகாப்பில் வருகிறார்கள். அதன் 26ஆம் பிரிவை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முதியவர் கொடுமைக்கு ஆளாகிறார் என்று சந்தேகப்படும் எவரும் சமூக நலத் துறைக்கோ போலீஸுக்கோ உடனே தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதுதான் குற்றம். நல்லெண்ணத்தில் சொன்னது பிறகு தவறு என்று தெரிந்தாலும் சொன்னவர் மேல் பழி வராது. 'விசாவில் இருக்கிறவன் நான், எனக்கு எதற்கு இந்த வம்பு' என்று ஒதுங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. குடிமக்கள் மட்டும்தான் என்று சட்டத்தில் இல்லை, எவரும் என்றுதான் இருக்கிறது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில், சொல்லிக்கொண்டு போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில், வார நாளில், முடிந்தால் விளக்கணைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள். ஓர் இல்லத்தில் நான் பார்த்தது இது: கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஜக் நிறையத் தண்ணீர், மேலே மூடி, பார்த்தவுடன் நமக்குத் திருப்தி. ஆனால் மேசை சுவரோரமாகத் தள்ளியிருந்தது, படுத்திருந்த அம்மாவின் கைக்கு எட்டவே எட்டாது. காலையில் ஊற்றியது மாலையிலும் ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது. நாக்கு வறண்டு வெடித்திருந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் கொடுமை இப்படியும்தான் நடக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளரை வாயில் வைத்துக் குடிக்க வைக்க ஆள் இல்லாமல். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, முந்தின வாரம் தெளிவாகப் பேசியவர் திடீரென்று உளறுகிறாரா, இரண்டையும் கவனியுங்கள். தண்ணீர் குறைந்தாலே வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும்.

அப்புறம் போர்வையை விலக்கிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர் சம்மதித்தால் போதும். சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள், இடுப்புப் பக்கத்தையும் முதுகின் அடியில் வால் எலும்பு இருக்கும் இடத்தையும் பாருங்கள். படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் தோல் சிவக்கும் என்பார்கள், நம் நிறத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருக்கும், தொட்டால் சூடாக இருக்கும், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் இறுகியோ கொழகொழத்தோ இருக்கும். தானாகப் புரள முடியாதவரைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், திருப்பிய நேரத்தைக் குறித்துவைக்கும் தாளை மேட்ரனிடம் (தலைமைச் செவிலியரிடம்) கேளுங்கள். அதில் எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் ஒரே மூச்சில் நிரப்பியதாகத் தெரிந்தால் அதுவே ஒரு தகவல்.

மேல்கையில் விரல் பதிந்த மாதிரிக் கன்றல், மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிய தடம், தொளதொளவென்று ஆகிவிட்ட ரவிக்கை, எப்போது போனாலும் தூக்கம், ஒருத்தர் அறைக்குள் வந்தால் மட்டும் உடம்பு சுருங்குவது, இதெல்லாம் விசாரிக்க வேண்டியவை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சும்மா இடித்தாலே கன்றிப்போகும் என்பதும் உண்மைதான், அதனால் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், புதிதாக எந்த மாத்திரை சேர்ந்திருக்கிறது, எந்த டாக்டர் எழுதினார் என்று. 'விழுந்துவிட்டார்' என்று பதில் வந்தால் எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், டாக்டரைக் கூப்பிட்டீர்களா, எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வந்த நம்மால் மட்டும் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. இங்கே 80 வயது தாண்டிய பலர் சிறு வயதில் வீட்டில் தமிழ் பேசியவர்கள், பேரப்பிள்ளைகளுக்கு அது வராது. மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பிற்பாடு கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடும், தமிழ் தங்கும். ராத்திரி 'ஒண்ணுக்கு வருது' என்று அந்த அம்மா கூப்பிட்டால் ஜூலு பேசும் கேர்கிவருக்கு, அதாவது பராமரிப்புப் பணியாளருக்கு, எப்படிப் புரியும்? ஈரப் படுக்கையில் விடிய விடியக் கிடப்பார், அடம் பிடிக்கிறார் என்று பெயரும் வாங்குவார். தண்ணி, வலிக்குது, ஒண்ணுக்கு, குளிருது, இந்த நாலைந்து சொல்லையும் ஆங்கில எழுத்தில், அர்த்தத்தோடு, பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் போய் உட்கார்ந்து தமிழில் பேச்சுக் கொடுத்தால், பெற்ற பிள்ளைகளிடம் வராத செய்தி உங்களிடம் வரும். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மறதி உள்ளவர் சொல்வது எல்லாமே கற்பனை அல்ல.

பணத்தைப் பிடுங்குவதும் இதே சட்டத்தில் கொடுமைதான். அரசின் சாசா அமைப்பு தரும் உதவித்தொகைக்கான அட்டையையும் ரகசிய எண்ணையும் யார் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், மாதக் கணக்கு கேளுங்கள். 'பவர் ஆஃப் அட்டர்னி', அதாவது தன் சார்பில் பணத்தைக் கையாள எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், இருக்கிறது என்று உறவினர் ஒருவர் காட்டலாம். தென்னாப்பிரிக்காவில் எழுதிக் கொடுத்தவரின் புத்தி தெளிவு போய்விட்டால் அந்தப் பத்திரமும் செல்லாது, அதன் பிறகு நீதிமன்றம் நியமிக்கும் க்யூரேட்டர் (சொத்துப் பொறுப்பாளர்) போன்றவர்தான் பணத்தைக் கையாள முடியும். சொந்தக்காரர்களே இது தெரியாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிகிறார்கள்.

சேர்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். பதிவில்லாமல் இல்லம் நடத்துவது குற்றம். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2016இல், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில், லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநலக் காப்பகங்களிலிருந்து மனநோயாளிகளை அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள், அதில் 144 பேர் இறந்துபோனார்கள். பட்டினி, தாகம், கவனிப்பின்மை. அந்த நிறுவனங்களின் உரிமங்கள் செல்லாதவை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் பின்னர் சொன்னார். அவர்கள் முதியோர் இல்லத்தவர்கள் அல்ல என்பது சரிதான், ஆனால் காகிதத்தைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு அப்போது பார்த்தது.

சந்தேகம் வந்துவிட்டதா? தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், பக்கத்துக் கட்டில்காரர் படத்தில் விழ வேண்டாம். ஒரு நோட்டில் அன்றைக்கே எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 10177, அடி உதை என்றால் போலீஸுக்கு 10111. சமூக நலத் துறையின் 0800 428 428 இலவசம், இரவும் பகலும் சமூகப் பணியாளர் பேசுவார். காயம் இருந்தால் ஸ்டேஷனில் ஜே88 படிவம் கேளுங்கள், டாக்டர் பரிசோதித்து அதில் எழுதுவதுதான் பிறகு நீதிமன்றத்தில் நிற்கும். வழக்கு எண் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். சின்னக் குறை என்றால் முதலில் மேட்ரனிடம் எழுத்தில் கொடுங்கள், இல்லத்தில் தங்கியிருப்பவர்களுக்கென்று ஒரு குழு இருக்க வேண்டும் என்பது சட்டம், அங்கேயும் சொல்லுங்கள்.

'கேட்டால் அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களே' என்பதுதான் எல்லாரையும் வாய்மூட வைக்கிற பயம். அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி வேறு இடத்துக்கு மாற்றவோ வெளியேற்றவோ குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். உங்களைப் போய்ப் பார்க்க விடாமல் தடுப்பதற்கும் இடமில்லை, நியாயமான நேரத்தில் பார்க்க வருபவர்களைச் சந்திப்பது அவருடைய உரிமை.

கேர்கிவர் மேல் எடுத்தவுடன் பாயாதீர்கள். குறைந்த சம்பளத்தில், ராத்திரி ஒரு வார்டு முழுவதையும் தனியாளாகப் பார்க்கும் பெண்ணாக இருப்பார். 'சனிபோனா, சிஸ்டர்' என்று ஜூலுவில் வணக்கம் சொல்லி ஆரம்பியுங்கள், உள்ளே நடப்பதை முதலில் உங்களிடம் சொல்லப்போவதும் அவர்தான். நீங்களே அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றால் இன்னொன்று: மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் பொறுப்பு முடியாது, 26ஆம் பிரிவு உங்களையும் சேர்த்துத்தான்.

வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டாலும் புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். மருந்துப் பட்டியலையும் மருத்துவக் கோப்பின் நகலையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், சமூகப் பணியாளர் அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்தாரா என்று வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வந்து கேட்க யாரும் இல்லாமல் இருக்கலாம்.