பிற்பகலில் மறைந்த திசை வேறுபாடு

கோவையில் எங்கள் ஆய்வகத்தில் 5சிபி என்னும் திரவப் படிகத்தின் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும் பொருள்) மூலக்கூறு ஒழுங்கை அகச்சிவப்பு நிறமாலைமானியில் அளந்தபோது, ஒளியின் அதிர்வுத் திசைக்கேற்ப உட்கவர்தல் கூடிக் குறைவதாகக் காலையில் தெளிவாகத் தெரிந்த திசை வேறுபாடு சித்திரை மாதப் பிற்பகலில் அடியோடு மறைந்தது. 5சிபி ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் வரிசை குலைந்து சாதாரணத் திரவமாகிவிடும். எங்கள் ஊர் வெயிலும் கருவியின் சூடும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

கால்சியம் ஃப்ளோரைடு தகடுகளுக்கிடையே இருந்த மாதிரியை, சுற்றுநீரால் வெப்பம் சீராக்கப்படும் தாங்கியில் 27 டிகிரியில் நிறுத்தியதும், மூலக்கூறின் நீள அச்சை ஒட்டிய சயனோ (கார்பன்–நைட்ரஜன்) பிணைப்பின் 2226 செ.மீ⁻¹ அலையெண் உட்கவர் பட்டை, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவாக்கி மூலக்கூறு வரிசைக்கு இணையாக இருக்கையில் ஓங்கி எழுந்து, செங்குத்தாகத் திருப்பியதும் தாழ்ந்தது. இவ்விரு உட்கவர்தல்களின் விகிதம் 4 என்றால் ஒழுங்களவு (முழு வரிசைக்கு 1, வரிசையே இல்லாவிட்டால் 0) 0.5.

வரிசை குலைந்துவிட்ட 40 டிகிரியில் விகிதம் 1 வருகிறதா என்று பார்ப்பதும் அவசியம்; வராவிட்டால் கருவியே ஒரு திசைக்குச் சாய்கிறது, ஒவ்வொரு கோணத்திற்கும் மாதிரி இல்லாமல் தனிப் பின்னணி அளவீடு எடுத்தாக வேண்டும்.