சின்ன கார் டிக்கில ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் ஒழுங்கா உட்கார வைக்கிறது எப்படி

போன வருஷம் ஐப்பசி மழைல, சேலத்துலேந்து தர்மபுரி போற வழில, தொப்பூர் கணவாய் ஏறி முடிச்ச கொஞ்ச தூரத்துல எங்க ஆல்ட்டோ 800ஓட பின்னாடி டயர் பஞ்சர். ராத்திரி பத்து மணி இருக்கும். டிக்கில இருந்த மூணு பை, அரிசிச் சாக்கு, குழந்தையோட சைக்கிள் எல்லாத்தையும் ரோட்டோரம் மழைல இறக்கி வச்சுட்டு அடில கைய விட்டா ஸ்டெப்னி இருக்கு, ஆனா அமுக்கிப் பாத்தா காத்தே இல்ல. ஜாக்கி இருக்கு, அத சுத்துற கம்பி இல்ல. பின்னாடி வந்த லாரிக்கார அண்ணன் ஒருத்தர் நிறுத்தி, அவர் வண்டியோட ஏர் டேங்க்லேந்து ஹோஸ் போட்டு காத்து அடிச்சு, அவரோட கம்பிய எங்க ஜாக்கில மாட்டி சுத்திக் கொடுத்தாரு. அவர் நிக்கலைன்னா விடியற வரைக்கும் அங்கதான் இருந்திருப்போம். அம்மாவும் கூட இருந்தாங்க.

அது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன வண்டி, வாங்குனப்ப டிக்கிய தொறந்து மேட்டுக்கு, அதாவது தரைல விரிச்சிருக்குற விரிப்புக்கு மேல மட்டும்தான் பாத்தேன். ஊருக்கு வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை முழுசா உட்கார்ந்து எல்லாத்தையும் சரி பண்ணேன். அத அப்படியே எழுதுறேன், கார் புதுசா வாங்குனவங்க, டயர் மாத்தியே பழக்கமில்லாதவங்க யாரா இருந்தாலும் செய்யலாம், ஒரு மதியம் போதும்.

ஸ்டெப்னிங்கிற பேரு எங்கேந்து வந்துச்சுன்னு தெரியுமா? வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர்ல ஸ்டெப்னி ஸ்ட்ரீட்னு ஒரு தெரு, அங்க டேவிஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1904 வாக்குல உபரி சக்கரம் செஞ்சு வித்தாங்க, தெருப் பேரே சாமானுக்கு பேராயிடுச்சு. அப்ப அது ஆரக்கால் இல்லாத வெறும் ரிம்மும் டயரும்தான், பஞ்சரான சக்கரத்து மேலயே கிளாம்ப் போட்டு மாட்டுவாங்க. நம்ம ஊர்ல இன்னமும் அந்தப் பேருதான் ஓடுது.

1. எல்லாத்தையும் வெளிய எடுங்க

டிக்கி மேட்டு, அதுக்கு அடில இருக்குற பலகை, ஸ்டெப்னி, டூல்ஸ் எல்லாத்தையும் எடுத்து ஒரு பழைய பெட்ஷீட்ல பரப்பி வைங்க. ஸ்டெப்னிய தூக்குறப்ப இடுப்ப வளைக்காதீங்க, 12 இன்ச் சக்கரமே பத்து கிலோ பக்கம் வரும், காலை மடக்கி உடம்போட ஒட்டி தூக்கணும். இப்ப அந்தக் குழிய டார்ச் அடிச்சு பாருங்க. எங்க வண்டில குழிக்குள்ள விரல் நுனி முங்குற அளவுக்கு தண்ணி, அதுல பாசி, ஜாக்கியோட அடிப்பக்கம் பூரா செங்கல் கலர் துரு.

தண்ணி இருந்தா முதல்ல அது எங்கேந்து வருதுன்னு கண்டுபிடிங்க, இல்லைன்னா நீங்க என்ன அடுக்குனாலும் ஆறு மாசத்துல துருதான். குழிய தொடச்சு காய வச்சு பழைய நியூஸ் பேப்பர விரிச்சு டிக்கிய மூடிட்டு, ஒருத்தர ஹோஸ்பைப்ல பின்பக்கம் பத்து நிமிஷம் தண்ணி அடிக்கச் சொல்லுங்க. அப்புறம் தொறந்து பாத்தா பேப்பர் எந்தப் பக்கம் நனைஞ்சிருக்கோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. பெரும்பாலும் டெயில் லைட்டுக்குப் பின்னாடி இருக்குற ரப்பர் இல்லைன்னா டிக்கி கதவு பீடிங், அதாவது கதவ சுத்தி ஓடுற ரப்பர் பட்டை. எனக்கு இடது டெயில் லைட் ரப்பர். குழிக்கு அடில ரப்பர் மூடி இருக்கும், அது இறுக்கமா உட்கார்ந்திருக்கான்னும் பாத்துக்குங்க. துரு இருந்தா உப்புத்தாள்ல தேச்சு, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மேல பெயிண்ட்.

2. ஸ்டெப்னி உங்க வண்டியோடதுதானான்னு பாருங்க

டயர் பக்கவாட்டுல எழுதியிருக்குற சைஸ படிங்க. எங்க ஆல்ட்டோவுக்கு 145/80 ஆர் 12. அதாவது டயரோட அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவரோட உயரம் அதுல 80 சதவீதம், ரிம் 12 இன்ச். மொத்த உயரம் எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போடலாம்: 145ஐ 0.8ஆல பெருக்குனா 116, மேலயும் கீழயும் சேத்து 232, கூட 12 இன்ச்னா 305, ஆக 537 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு எதுக்குன்னா, நிறைய பேரு அலாய் வீல் போட்டு சைஸ மாத்திடுறாங்க, ஸ்டெப்னி மட்டும் பழசாவே கிடக்கும். 155/65 ஆர் 13 போட்டிருந்தா அது 532 வருது, கிட்டத்தட்ட ஒண்ணுதான், அவசரத்துக்கு ஓட்டலாம். ஆனா 155/80 ஆர் 13ன்னா 578, நாலு சென்டிமீட்டர் வித்தியாசம், வண்டி ஒரு பக்கம் சாயும், டிக்கி குழிலயும் உட்காராது.

அலாய் போட்டவங்க இன்னொண்ணையும் கவனிங்க. அலாய்க்கு வர்ற நட்டு ஸ்டீல் ரிம்ல சரியா பொருந்தாம போகலாம், நட்டோட சரிவும் ரிம் ஓட்டையோட சரிவும் ஒட்டி உட்காரணும், இல்லைன்னா ஓட ஓட லூசாகும். பழைய ஸ்டீல் ரிம் நட்டு நாலையும் ஒரு சின்ன டப்பால போட்டு ஸ்டெப்னியோடயே வைங்க. லாக் நட் (திருட்டுக்குப் பயந்து போடுற, தனி சாவி இருந்தாதான் கழலுற நட்டு) போட்டிருந்தா அதோட சாவியும் அந்த டப்பாலதான் இருக்கணும்.

அப்புறம் வயசு. டயர் பக்கவாட்டுல DOTனு இங்கிலீஷ்ல ஆரம்பிக்கிற வரியோட கடைசில நாலு நம்பர் இருக்கும், 2317ன்னா 2017ஓட 23வது வாரம். டிரெட் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் கெட்டியாயிடும், விரலால வளைச்சு பாக்குறப்ப பக்கச் சுவர்ல முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சா மாத்திடுங்க. பத்து வருஷம் தாண்டுச்சுன்னா வெடிப்பு தெரியலைன்னாலும் மாத்துறதுதான் நல்லது.

காத்து: டிரைவர் கதவு தொறக்குற இடத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல எவ்வளவு போட்டிருக்கோ அதுக்கு மேல ஒரு 3 பி.எஸ்.ஐ. (காத்தழுத்தத்தோட அளவு) சேத்து அடிச்சு வைங்க. சும்மா கிடந்தாலே காத்து மெதுவா இறங்கும், ஜாஸ்தியா இருந்தா ரோட்டோரத்துல கொஞ்சம் விட்டுக்கலாம், கம்மியா இருந்தா என்ன ஆகும்னு தொப்பூர்ல பாத்துட்டேன். சில கார்ல ஸ்டெப்னி ஒல்லியா இருக்கும், டெம்பரரின்னு எழுதி 80 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகாதன்னு போட்டிருக்கும், அதுக்கு 60 பி.எஸ்.ஐ. அடிக்கணும், பஞ்சர் கடைல மத்த டயர் மாதிரி 33 அடிச்சு கொடுத்துடுவாங்க, சொல்லி அடிங்க.

3. ஸ்டெப்னிய குழில பூட்டுங்க

சும்மா வச்சா பத்தாது. சடன் பிரேக் போட்டா பத்து கிலோ சக்கரமும் ஜாக்கியும் பின் சீட்ல போய் மோதும், அங்கதான் நம்ம பிள்ளைங்க உட்கார்றாங்க. குழி நடுவுல ஒரு நீள போல்ட் மாட்டுற இடம் இருக்கும், சக்கரத்தோட நடு ஓட்டை வழியா அந்த போல்ட்ட விட்டு மேல அகலமான பிளாஸ்டிக் மூடிய கையாலயே இறுக்கணும். சக்கரம் எந்தப் பக்கம் மேல வரணும்னு குழப்பம் வரும். அந்த போல்ட்டோட நீளம்தான் பதில் சொல்லும், ரெண்டு விதமாவும் வச்சுப் பாருங்க, எப்படி வச்சா போல்ட் முழுசா மரை பிடிச்சு சக்கரம் ஆடாம நிக்குதோ அதுதான் சரி. வால்வு கீழ போற மாதிரி ஆச்சுன்னா, காத்து செக் பண்ண ஒவ்வொரு தடவையும் சக்கரத்த தூக்கணும், அதுக்கு வால்வு எக்ஸ்டென்ஷன்னு வளைஞ்ச ட்யூப் கிடைக்குது, வாங்கிப் போடுங்க.

போல்ட் தொலைஞ்சிருந்தா கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கடைல வண்டி மாடலும் வருஷமும் சொல்லி வாங்குங்க. அது கிடைக்கிற வரைக்கும் டிக்கில ஏற்கனவே இருக்குற கொக்கில ராட்செட் பெல்ட் (கைப்பிடிய ஆட்டி ஆட்டி இறுக்குற பட்டை) போட்டு இறுக்கிக்கலாம். தரைல புதுசா ட்ரில் மட்டும் பண்ணாதீங்க, அடில சைலன்சர், ஒயரிங் எல்லாம் போகுது, ஓட்டை போட்ட இடத்துலேந்து துருவும் ஆரம்பிக்கும்.

சிஎன்ஜி வண்டின்னா சிலிண்டர் இடத்த பிடிச்சிருக்கும், ஸ்டெப்னி பக்கத்துல நிமிந்து நிக்கும். அதுக்குன்னு கொடுத்த பிராக்கெட்ல மட்டும் மாட்டுங்க, சிலிண்டர்லயோ அதோட பைப்லயோ எதையும் கட்டாதீங்க. டாட்டால ரெண்டு சின்ன சிலிண்டர் வச்சு வர்ற மாடல்ல ஸ்டெப்னி வண்டிக்கு அடில தொங்கும், அத இறக்குற போல்ட் சேறு பிடிச்சு இறுகிக்கும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா தொறந்து கிரீஸ் தடவுங்க.

புது வண்டில ஸ்டெப்னியே இல்லையேன்னு சிலர் கேக்கலாம். 2020 அக்டோபர்லேந்து விதி அப்படி மாறிடுச்சு, ட்யூப்லெஸ் டயர், காத்து குறைஞ்சா காட்டுற மீட்டர், பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்ல. ஆணி குத்துனா கிட் போதும். பக்கச் சுவர் கிழிஞ்சா அந்த கிட்டால ஒண்ணும் பண்ண முடியாது, அதனால குழில இடம் இருந்தா ஒண்ணு வாங்கி வச்சுடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

4. டூல்ஸ அடுக்குற வரிசை

இதுலதான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணேன். எல்லாரும் எது எங்க அடங்குதுன்னு பாத்து அடுக்குறாங்க, நான் இருட்டுல எது முதல்ல கைக்கு வரணும்னு பாத்து அடுக்குனேன். பஞ்சர் ஆனா முதல்ல வேணும்கிறது டார்ச்சும் ரிஃப்ளெக்டர் முக்கோணமும். அது ரெண்டும் டிக்கிலயே இருக்கக் கூடாது, டிரைவர் சீட்டுக்கு அடில வைங்க. அடுத்து முட்டுக்கட்டை, அதாவது எதிர்ப்பக்கத்து சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ரெண்டு ஆப்பு, தச்சுக்கடைல கேட்டா சாய்வா அறுத்துக் கொடுப்பாங்க. அப்புறம் வீல் ஸ்பேனர், ஜாக்கி, ஜாக்கி கம்பி. அதுக்கப்புறம்தான் ஸ்டெப்னி.

ஸ்பேனர வைக்கிறதுக்கு முன்னாடி உங்க வண்டி நட்டுல மாட்டிப் பாருங்க. மாருதிக்கு 19 மில்லிமீட்டர், ஹூண்டாய்க்கு 21, பழைய வண்டில எதையாவது போட்டு வச்சிருப்பாங்க. வண்டியோட வர்ற எல் ஸ்பேனர் குட்டையா இருந்தா அழுத்தம் பத்தாது, நீளக் கைப்பிடி ஸ்பேனர் ஒண்ணு வாங்குங்க, என் மனைவியே அதுல நட்ட லூஸ் பண்ணிடுறாங்க.

ஜாக்கி கடகடன்னு சத்தம் போடாம இருக்க ஒரு வழி: அதுக்குன்னு இருக்குற பிராக்கெட்ல வச்சுட்டு, திருகாணிய கையால சுத்தி ஜாக்கிய கொஞ்சம் விரிய விடுங்க, அதுவே பிராக்கெட்ல முட்டி இறுகிக்கும். எடுக்குறப்ப திருப்பி சுத்துனா வந்துடும். மரைல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. ஜாக்கி கம்பி, இழுவைக் கொக்கி, நட்டு டப்பா எல்லாத்தையும் பழைய ஜீன்ஸ் கால அறுத்து தச்ச பைல சுருட்டிக் கட்டி, சக்கரத்தோட பள்ளத்துல வச்சேன். மேல உரச்சாக்கு ஒண்ணு மடிச்சு, ஒரு அடி சதுர பிளைவுட் துண்டு. சாக்கு முட்டி போட்டு உட்கார, பஞ்சரான சக்கரத்த சேறோட உள்ள போட. பிளைவுட் மண் தரைல ஜாக்கி புதையாம இருக்க.

எல்லாம் வச்சு பலகைய மூடுனா சமமா உட்காரணும். எங்கயாவது துருத்துனா மேல வைக்கிற சாமானோட கனத்துல பலகை உடையும், அடில யோகா மேட்டு துண்டு வெட்டி ஒட்டி சமப்படுத்துங்க. அப்புறம் ஸ்பீட் பிரேக்கர் நிறைய இருக்குற தெருல ஒரு ரவுண்ட் போங்க, பின் சீட்ல ஒருத்தர உட்கார வச்சு காதை கொடுக்கச் சொல்லுங்க. எனக்கு ஸ்பேனர் தகரத்துல தட்டுச்சு, ஒரு துணி சுத்துனதும் நின்னுச்சு.

5. வீட்டு வாசல்ல ஒரு தடவ மாத்திப் பாருங்க

சாயங்காலம் இருட்டுன அப்புறம் செய்யுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, அண்டை கொடுத்து, வண்டி தரைல இருக்குறப்பவே நட்ட அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க. ஜாக்கி வைக்கிற இடம் கதவுக்கு அடில ரெண்டு வெட்டுக் குறி இருக்குற விளிம்பு, அங்க இல்லாம வேற எங்க வச்சாலும் தகரம் நசுங்கும். தூக்குறதுக்கு முன்னாடி ஸ்டெப்னிய வெளிய எடுத்து ஜாக்கிக்குப் பக்கத்துல வண்டிக்கு அடில படுக்கப் போடுங்க, ஜாக்கி வழுக்குனாலும் வண்டி அது மேலதான் உட்காரும். மாட்டுறப்ப நட்டுகள எதிரெதிரா இறுக்குங்க, இறக்குன அப்புறம் கடைசி இறுக்கு. எனக்கு முதல் தடவ 35 நிமிஷம், ரெண்டாவது தடவ 18.

நிஜமாவே ரோட்டுல மாத்துனா ஒரு 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நட்டுகள இன்னொரு தடவ இறுக்குங்க. பஞ்சரானத அன்னைக்கே ஒட்டி வாங்கி, சாக்குலேந்து எடுத்து கழுவி, அதே போல்ட்ட போட்டு பூட்டி வைங்க. காத்துக்கு நான் மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை வச்சிருக்கேன், நாலு டயருக்கு அடிக்கிறப்ப டிக்கியயும் தொறந்து அஞ்சாவதுக்கும் அடிக்கச் சொல்லிடுவேன்.