புது மொனிட்டரில் படம் வரவில்லையா? பெட்டியைத் திரும்பக் கட்டும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் வீடு நுவரெலியா மாவட்டத்துத் தலவாக்கலைப் பக்கம். கொழும்பில் வாங்கிய 24 அங்குல மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, ராத்திரியே மாட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரை, நடுவில் 'நோ சிக்னல்'. எப்படிப் போட்டாலும் அதேதான். காலையில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி மறுபடியும் கொழும்பு பஸ் ஏறப் போனவன், கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று கேபிளைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினேன். படம் வந்துவிட்டது. புது மொனிட்டர் பழுதாக வருவது அபூர்வம். பிழை பெரும்பாலும் மாட்டிய விதத்தில்தான் இருக்கும். ஆகவே நான் சொல்லும் வரிசையிலேயே பாருங்கள்.

முதல் வேலை: சும்மா இருப்பது

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் ராத்திரிக் குளிர் 10 பாகைக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் வந்த சாமானை அடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்தால், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவது போல உள்ளேயும் நீர் கோர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள். ஸ்டாண்டை மாட்டும்போது மேசையில் கம்பளியை மடித்து விரித்து, திரையைக் குப்புற வையுங்கள். திரையை விரலால் அழுத்த வேண்டாம், அவ்வளவுதான்.

கரண்ட் வருகிறதா?

மொனிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன லைட் இருக்கும். அது எரியவே இல்லை என்றால் கரண்ட் பக்கம் பாருங்கள். லைட் எரிந்து 'நோ சிக்னல்' என்று வந்தால் மொனிட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, கணினியிலிருந்து படம்தான் வந்து சேரவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நம் பக்கத்துப் பழைய லயன் வீடுகளில் உருண்டை முள் 5 அம்பியர் பிளக் பொயிண்டுகள் இன்னும் இருக்கின்றன. புதிதாக வருவது பெரும்பாலும் சதுர முள் 13 அம்பியர். நடுவில் ஒரு மல்டி பிளக்கைச் செருகி, அது தொங்கிக்கொண்டிருந்தால் திரை விட்டுவிட்டு அணையும். மேல் ஓட்டையைப் பேனாவால் குத்தித் திறந்து இரண்டு முள் பிளக்கைச் செருகும் வித்தை நம் எல்லாருக்கும் தெரியும். தயவுசெய்து இதற்கு வேண்டாம். பின்பக்க உலோகத்தைத் தொட்டதும் சுர்ரென்று இழுத்தால், எர்த் சரியில்லை என்று சந்தேகப்பட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேபிள் எந்த ஓட்டையில்?

நான் கோட்டைவிட்டது இங்கேதான். டெஸ்க்டொப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி, லேன் ஓட்டைகளோடு சேர்ந்து ஒரு எச்டிஎம்ஐ (HDMI) ஓட்டை, மொனிட்டர் கேபிள் செருகுவது, இருக்கும். அது மதர்போர்டுக்கு, அதாவது கணினியின் முக்கியப் பலகைக்குச் சொந்தம். அதற்குக் கீழே, தனியாக இன்னும் சில ஓட்டைகள் இருந்தால் அவை கிராபிக்ஸ் கார்டினுடையவை, அதாவது படம் காட்டவென்றே போட்ட தனிப் பலகையினுடையவை. கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் போக வேண்டும். உங்கள் கணினியின் மூளையான இன்டெல் சிப்பின் (புரொசெசரின்) பெயர் 'எஃப்' (F) எழுத்தில் முடிந்தால், மதர்போர்டு ஓட்டையிலிருந்து எந்தக் காலத்திலும் படம் வராது. அந்தச் சிப்புக்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. என்னுடையது அந்த வகைதான். விடியும்வரை அந்த ஓட்டையோடுதான் மல்லுக்கட்டினேன்.

எச்டிஎம்ஐ-க்குப் பதிலாக டிஸ்ப்ளே போர்ட் என்ற இன்னொரு வகைக் கேபிளாக இருந்தால் 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள். கழற்றும்போது தலையில் இருக்கும் பட்டனை அழுத்தாமல் இழுத்தால் ஓட்டையே பிய்ந்து வரலாம்.

அப்புறம் மொனிட்டரின் மெனுவைத் திறந்து 'இன்புட்' என்ற இடத்தில் நீங்கள் குத்திய ஓட்டையின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். 'ஓட்டோ' என்று விட்டால் சில மொனிட்டர்கள் தேடிக்கொண்டே இருக்கும்.

இன்னும் கறுப்பா? விசைப்பலகையில் 'நம் லொக்' (Num Lock) கீயைத் தட்டுங்கள். அதன் லைட் எரிந்து அணைந்தால் கணினி வேலை செய்கிறது. லைட் அசையவே இல்லை என்றால் பிரச்சினை கணினியில் இருக்கலாம், மொனிட்டரைத் திட்டிப் பயனில்லை. லெப்டொப் என்றால் விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு பி-யைத் தட்டி 'எக்ஸ்டெண்ட்' அல்லது 'டூப்ளிகேட்' கொடுங்கள். டைப்-சி கேபிள் போட்டிருந்தால் ஒன்று கவனியுங்கள்: எல்லா டைப்-சி ஓட்டையும் படம் அனுப்பாது, சிலது சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான்.

படம் வந்தது, ஆனால்...

எழுத்து மங்கலாக இருந்தால் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், ரெசல்யூஷனில் 'ரெகமெண்டட்' என்று இருப்பதையே வையுங்கள். 100 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 100 தடவை படத்தைப் புதுப்பிக்கும்) மொனிட்டர் வாங்கியும் விண்டோஸ் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம். 'அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே'யில் கையால் மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். எச்டிஎம்ஐ ஒலியையும் கொண்டுபோகும், அதனால் விண்டோஸ் சத்தத்தை மொனிட்டர் பக்கம் திருப்பியிருக்கும். கீழே ஸ்பீக்கர் படத்தைத் தட்டிப் பழையதைத் தெரிவு செய்தால் சரி. திரை மினுங்கினால் முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து, வேறொரு கணினியிலும் வேறொரு கேபிளிலும் படம் வராவிட்டால், அப்போது பில்லோடு கடைக்குப் போகலாம். அதுவரை பெட்டியையும் உள்ளே இருந்த வெள்ளை ரிஜிபோமையும் எறிய வேண்டாம்.

இன்னொன்று, இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் திரும்பினால் மலைக்கு மேலே முழங்கத் தொடங்கிவிடும். அப்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள், ரூட்டருக்கு வரும் வயரையும்தான். எங்கள் வீட்டில் முதல் மின்னலிலேயே அம்மா வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார், நான் என்ன செய்துகொண்டிருந்தாலும். அதனால் இரண்டு மணிக்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சேவ் பண்ணிக்கொள்கிறேன்.