சைட் ஸ்லோ என்று போன் வந்தால் எங்கிருந்து தொடங்குவது

சர்வருக்குள் நுழைவதற்கு முன் போன் செய்தவரிடமே இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன். எல்லாப் பக்கமும் மெதுவா, ஒரு பக்கம் மட்டுமா? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்தாலும் அப்படித்தானா? பாதி நேரம் பதில் இங்கேயே கிடைத்துவிடும்.

நான் பார்த்துக்கொள்பவை பெரும்பாலும் சின்ன விபிஎஸ்கள், அதாவது ஒரே பெரிய இயந்திரத்தைப் பங்குபோட்டு வாடகைக்குத் தரும் சர்வர்கள். இரண்டு கோர், 4 ஜிபி ராம், உபுண்டு லினக்ஸ், பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ், பிஹெச்பி நிரலை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம், டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல், அதன்மேல் வேர்ட்பிரஸ். கீழே வருவதெல்லாம் அந்த அமைப்புக்குத்தான்.

முதலில், கை பரபரத்தாலும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் சைட் எழுந்துகொள்ளும். எதனால் படுத்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். சைட்டின் சொந்தக்காரர் நெருக்குகிறார், வேறு வழியே இல்லை என்றால், எது எவ்வளவு சிபியு, ராம் எடுக்கிறது என்று சொல்லும் டாப் கட்டளை காட்டுவதையும் மைஎஸ்க்யூஎல்லில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகளின் (க்வெரி) பட்டியலையும் ஒரு ஃபைலில் சேமித்துவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

டாப்பில் லோடு ஆவரேஜை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். லினக்ஸில் அந்த எண், சிபியுவுக்காகக் காத்திருப்பவற்றோடு டிஸ்க்குக்காகக் காத்திருப்பவற்றையும் சேர்த்தே எண்ணும். லோடு 9 என்று காட்டும், சிபியு பாதிக்கு மேல் சும்மா இருக்கும். அதனால் சிபியு வரியில் உள்ள ‘டபிள்யூஏ’வைப் பாருங்கள், அது ஏறியிருந்தால் இழுத்துப் பிடிப்பது டிஸ்க். ‘எஸ்டி’ ஏறியிருந்தால் உங்கள் சிபியு நேரத்தை அதே இயந்திரத்தில் இருக்கும் பக்கத்து விபிஎஸ்கள் தின்கின்றன. அதை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட்டோடு ஹோஸ்டிங்காரரிடம் பேசுங்கள், இல்லை இடம் மாறுங்கள்.

ராமுக்கு ‘ஃப்ரீ’ கட்டளை. அதில் ‘ஃப்ரீ’ என்ற பத்தி குறைவாக இருப்பது சகஜம், சும்மா இருக்கும் ராமை லினக்ஸ் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ பத்தி. அப்புறம் விஎம்ஸ்டாட்டை நொடிக்கொரு வரியாக ஓடவிட்டு, ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டையும் கவனியுங்கள்: ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பிலிருந்து வருவதும் அதற்குப் போவதும். முதல் வரி பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். மற்ற வரிகளில் எண்கள் விடாமல் வந்துகொண்டிருந்தால் ராம் போதவில்லை, ஸ்வாப்பில் தத்தளிக்கிறது. டிஸ்க்கில் இடத்தையும் ஐநோடையும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவு) தனித்தனியாகப் பாருங்கள். குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் குவிந்து ஐநோடு தீர்ந்துவிட்டால், ஜிபி கணக்கில் இடம் இருந்தும் ‘நோ ஸ்பேஸ்’ என்றே பதில் வரும்.

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. உண்மையான துப்பு கிடைப்பது, வந்த கோரிக்கை ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும் என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாகில்தான். அதன் வழக்கமான வடிவத்தில் நேர அளவு கிடையாது, நாம்தான் லாக் ஃபார்மேட்டில் ‘ரிக்வெஸ்ட் டைம்’ (மொத்த நேரம்), ‘அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்’ (பிஹெச்பி பதில் தர எடுத்த நேரம்) இரண்டையும் சேர்க்க வேண்டும். சிக்கல் எதுவும் இல்லாத இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். முதலாவது பெரிது, இரண்டாவது சிறிது என்றால் சர்வர் தன் வேலையை முடித்துவிட்டது. பார்வையாளரின் நெட்தான் மெதுவாக இழுக்கிறது. இரண்டும் பெரிது என்றால் பிஹெச்பி அல்லது டேட்டாபேஸ்.

ஒரு புடவைக் கடையின் சைட். ஆடித் தள்ளுபடி நேரம், 504, அதாவது நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற பிழை, வந்துகொண்டே இருந்தது. எஃப்பிஎம் லாகில் ‘மேக்ஸ் சில்ட்ரன்’ எல்லையை, அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஹெச்பி பிராசஸ்களின் உச்ச எண்ணிக்கையை, தொட்டுவிட்டதாக எச்சரிக்கை. இன்ஸ்டால் செய்தபோது வரும் மதிப்பு 5, அப்படியே விட்டிருந்தார்கள். இதைப் பார்த்ததும் பலரும் 50 என்று போட்டுவிடுவார்கள். கணக்குப் போடுங்கள்: மைஎஸ்க்யூஎல்லுக்கு 1 ஜிபி, சிஸ்டத்துக்கும் கேஷுக்கும் 1 ஜிபி, மீதி 2 ஜிபி. ஒரு பிஹெச்பி பிராசஸ் 80 எம்பி எடுத்தால் 25தான் தாங்கும். 50 போட்டால் ராம் தீர்ந்து, லினக்ஸின் கருவான கெர்னலே மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடும்.

எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன், அந்த ஐந்து பிராசஸ்களும் எதில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். வரிசை நீண்டுவிட்ட பிறகு லாகைப் பார்த்தால் எல்லாப் பக்கமும் மெதுவாகத்தான் தெரியும், ஏனென்றால் காத்திருந்த நேரமும் அப்ஸ்ட்ரீம் நேரத்தில் சேர்ந்துவிடுகிறது. எனவே நெரிசல் தொடங்குவதற்குச் சற்று முந்தைய வரிகளுக்குப் போக வேண்டும். என்ஜின்எக்ஸ் ஒரு வரியை எழுதுவது பக்கம் முடிந்த பிறகு என்பதால், எழுதிய நேரத்திலிருந்து எடுத்துக்கொண்ட விநாடிகளைக் கழித்தால்தான் எது முதலில் வந்தது என்று தெரியும். அப்படிக் கழித்துப் பார்த்தபோது முன்னால் நின்றவை எல்லாம் ஃபில்டர் பக்கங்கள்: நிறம், விலை, துணி வகை. ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு மேல். கேட்டது வாங்க வந்தவர்கள்கூட இல்லை, பக்கம் பக்கமாகத் தானே திறந்து படிக்கும் ஒரு கிராலர் பாட். ஒவ்வொரு சேர்க்கையும் புது முகவரி என்பதால், முன்பே செய்த பக்கத்தைச் சேமித்துத் தரும் கேஷும் உதவவில்லை.

எஃப்பிஎம் ஸ்லோ லாகை 3 விநாடிக்கு வைத்தால் எந்தப் பிளகினின் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று வரி எண்ணோடு சொல்லும். மைஎஸ்க்யூஎல் ஸ்லோ லாகின் எல்லை தானாக 10 விநாடியில் இருக்கும், அதை 1 ஆக்குங்கள். சிக்கிய கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ போட்டேன்: வகை ‘ஆல்’, அதாவது முழு டேபிளையும் ஒவ்வொரு வரியாகத் துழாவுகிறது. வேர்ட்பிரஸின் போஸ்ட்மெட்டா டேபிளில் ‘மெட்டா வேல்யூ’வுக்கு இண்டெக்ஸ் (நேரே தேடிப்போக உதவும் பட்டியல்) இல்லை; ஃபில்டர் பிளகின் அதிலேயே தேடிக்கொண்டிருந்தது.

முதலில் என்ஜின்எக்ஸில், கோரிக்கைகள் வரும் வேகத்துக்கு எல்லை போடும் ‘லிமிட் ரெக்’ வைத்து பாட்டைக் கட்டிப்போட்டேன். மறுக்கும்போது அது தானாகத் தரும் பிழை எண் 503. அதை 429 ஆக மாற்றுவது நல்லது, லாகில் பிரித்தறியலாம். அடுத்து, தேடலுக்கென்றே தனி லுக்அப் டேபிள் வைத்துக்கொள்ளும் வேறு ஃபில்டர் பிளகின். கடைசியாகத்தான் மேக்ஸ் சில்ட்ரனை 12 ஆக்கினேன். ஒரு மாற்றம் செய்து, லாகைப் பார்த்து, அப்புறமே அடுத்தது.

கண்காணிப்புக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். சிஸ்ஸ்டாட்டைப் போட்டு இயக்கிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும். நேற்று இரவு மூன்று மணிக்கு டிஸ்க் என்ன செய்தது என்று அதன் ‘சார்’ கட்டளை காட்டும். வெளியிலிருந்து சைட்டைச் சோதிக்கும் சேவை ஒன்றையும் வையுங்கள். அதற்கு முகப்புப் பக்க முகவரியைக் கொடுக்காதீர்கள், அது கேஷிலிருந்து வந்துவிடும். டேட்டாபேஸ் செத்துக்கிடந்தாலும் பச்சை விளக்குதான் எரியும். தேடல் பக்கத்தைக் கொடுங்கள்.