வட தீவிலிருந்து தென் தீவுக்கு: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நியூசிலாந்துக்குப் புதிதாக வந்து வட தீவில் உள்ள ஆக்லாந்தில் தங்கியிருக்கிறீர்கள். தென் தீவில் உள்ள கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு வேலைக்கு நேர்காணல் வருகிறது. வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு தீவுகளும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நடுவில் உள்ள குக் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் ஏறக்குறைய 22 கிலோமீட்டர்தான். அந்த 22-ஐ நம்பி மட்டும் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

பாலமும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஆக்லாந்திலிருந்து வட தீவின் தென்முனையில் உள்ள வெலிங்டனுக்குச் சாலை வழியே சுமார் 640 கிலோமீட்டர். எட்டு, ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். அங்கிருந்து தென் தீவின் துறைமுகமான பிக்டனுக்குப் படகில் மூன்றரை மணி நேரம். படகு நேர்குறுக்காகப் போவதில்லை. மார்ல்பரோ சவுண்ட்ஸ் என்ற கடற்கால்வாய்களின் மலைகளுக்கு இடையே வளைந்து நுழைவதால் 92 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. பிக்டனில் இறங்கி, கைகோரா கடற்கரையோரமாகக் கிறைஸ்ட்சர்ச்சுக்கு இன்னும் 340 கிலோமீட்டர். ஆக, முழுதாக இரண்டு நாள். விமானத்திலோ ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

அதனால் நேர்காணலுக்கும் வீடு பார்க்கவும் விமானத்திலேயே போங்கள். ஒரே நாடு என்பதால் குடிவரவுச் சோதனை இல்லை, நேர வித்தியாசமும் இல்லை. ஆக்லாந்து–கிறைஸ்ட்சர்ச் தடத்தில் ஏர் நியூசிலாந்து, ஜெட்ஸ்டார் இரண்டும் பறக்கின்றன. வெலிங்டனில் இருப்பவர்களுக்குக் கிறைஸ்ட்சர்ச் ஒரு மணி நேரத்துக்குள்; பிக்டனுக்குப் பக்கத்து ஊரான பிளென்ஹைம் அரை மணி நேரம்தான். மலிவான டிக்கெட்டில் பெட்டி சேராது, கைப்பை 7 கிலோதான். பெட்டி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துவிடுங்கள், விமான நிலையத்தில் கட்டணம் கூடும். சிறிய புரொப்பெல்லர் விமானங்களில் ஏறும்போது பாதுகாப்புச் சோதனையே இருக்காது. இங்கே அதுதான் நடைமுறை, தவறான வழியில் வந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

குடும்பத்தோடு, காரோடு, பாத்திர பண்டத்தோடு குடிபெயரும்போதுதான் படகு. இன்டர்ஐலண்டர், புளூபிரிட்ஜ் என்று இரண்டு நிறுவனங்கள். டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறையில் கார் வைக்கும் இடம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே பதிவு செய்யுங்கள். காரோடு போகிறவர்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்தில் இருக்க வேண்டும். கப்பல் கிளம்பியபின் கார் தளத்துக்குத் திரும்பிப் போக விடமாட்டார்கள். குழந்தையின் பால், மருந்து, குளிருக்கான மேலாடை எல்லாவற்றையும் கையோடு மேலே எடுத்துச் செல்லுங்கள். வாந்தி வருபவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஆட்டம் திறந்த கடலில்தான். சவுண்ட்ஸுக்குள் நுழைந்ததும் தண்ணீர் அடங்கிவிடும், பிள்ளைகளைத் தளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவ்வளவு அழகு.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது காற்றைப் பற்றி. மேற்குக் காற்று இரு தீவுகளின் மலைகளுக்கு இடையே நெருக்கப்பட்டு இந்த நீரிணையில் சீறும். அலை உயர்ந்தால் படகை ரத்து செய்வார்கள். வெலிங்டனில் இறங்க முடியாமல் விமானங்களும் திரும்பிப் போவதுண்டு. வீட்டுச் சாவி வாங்கும் நாள், வேலையில் சேரும் நாள் இவற்றுக்கு முந்தைய நாளில் கடலைக் கடப்பதை வைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள்.

வாடகைக் கார் என்றால் படகில் ஏற்ற அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சில நிறுவனங்கள் காரை வெலிங்டனில் விட்டுவிட்டு, பிக்டனில் வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லும்.