பெரிய யு அழுத்தியதால் காணாமல் போன குழுக்கள்

இணையத்தில் தலைப்புவாரியான கலந்துரையாடல் குழுக்களைக் கொண்ட யூஸ்நெட்டைப் படிக்க நான் பயன்படுத்துவது டின் என்ற நிரல். சுட்டி தேவையில்லை, எல்லாம் விசைப்பலகைதான். அந்த வேகத்துக்காகவே அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

சென்ற வாரம் ஒரே ஒரு குழுவிலிருந்து விலக நினைத்தேன். சின்ன யு அழுத்துவதற்குப் பதில் பெரிய யு அழுத்திவிட்டேன். அது பெயர் வடிவம் கேட்டு, அதற்குப் பொருந்தும் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் விலக்கும் கட்டளை. யோசிக்காமல், கணினி பற்றிய குழுக்களின் முன்னொட்டான காம்ப் என்று எழுதிப் புள்ளியும் உடுக்குறியும் (comp.*) இட்டேன். காம்ப் வரிசைக் குழுக்கள் அத்தனையும் திரையிலிருந்து மறைந்தன. ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை! நெஞ்சு படபடத்தது.

வொய் விசையை அழுத்தினால் விலகிய குழுக்களும் தெரியும். அவற்றில் நின்று எஸ் அழுத்தினால் மீண்டும் சேரலாம். பத்துக் குழுவரை அப்படியே செய்தேன், கை சலித்தது.

பிறகுதான் வீட்டு அடைவில், அதாவது கணினியில் என் சொந்தக் கோப்புறையில், உள்ள .நியூஸ்ஆர்சி (.newsrc) கோப்பு நினைவுக்கு வந்தது. அது வெறும் உரைக்கோப்பு. குழுவின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இருந்தால் சந்தா உண்டு. வியப்புக்குறி இருந்தால் இல்லை. அதையடுத்து, படித்த கட்டுரைகளின் எண்கள். அந்த எண்கள் அழியாமல் அப்படியே இருந்ததைக் கண்டதும்தான் மூச்சு வந்தது.

முதலில் டின்னை மூடினேன். மூடாமல் திருத்தியிருந்தால், அது வெளியேறும்போது தன் பட்டியலைக் கோப்பின்மேல் எழுதிவிடும். பிறகு நகல் எடுத்துக்கொண்டு, காம்ப் வரிகளில் எனக்கு வேண்டியவற்றில் மட்டும் வியப்புக்குறியை முக்காற்புள்ளியாக மாற்றினேன். மீண்டும் திறந்தபோது குழுக்கள் வந்துவிட்டன, படிக்காதவற்றின் எண்ணிக்கையோடு.