சுழலும் கம்பிச்சுருள்: கணக்கில் சறுக்கும் இடங்கள்

போன வாரம் மாலை டியூஷனில் பிளஸ் டூ பையன் ஒருவன் நோட்டை நீட்டினான். காந்தப்புலத்தில் சுழலும் கம்பிச்சுருளில் தூண்டப்படும் மின்னியக்கு விசையை, அதாவது அதில் பிறக்கும் வோல்ட்டை, கண்டுபிடிக்கும் கணக்கு. 15.7 வோல்ட் என்று விடை போட்டு, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் செய்தவன்தான், செய்தது மட்டுமல்ல, மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தவன்.

சதுர சென்டிமீட்டரை மாற்றாமல் விடுவது, சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்க மறப்பது இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. இரண்டு தடவை மார்க் போனால் தானாகச் சரியாகிவிடும்.

எதற்கும் எதற்கும் இடையில் உள்ள கோணம்?

அவன் போட்ட கணக்கு இது: 100 சுற்றுகள் கொண்ட செவ்வகச் சுருள், 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். புலம் 0.5 டெஸ்லா. நிமிடத்துக்கு 300 சுழற்சி. சுருளின் தளம் புலத்தோடு 30 டிகிரி கோணத்தில் இருக்கும் கணத்தில் மின்னியக்கு விசை எவ்வளவு?

சுற்றுகளின் எண்ணிக்கை, புலம், பரப்பு, கோணத் திசைவேகம் நான்கையும் பெருக்கினால் 31.4 வோல்ட். அது உச்ச மதிப்பு. அதை சைன் தீட்டாவால் பெருக்க வேண்டும். அவன் தீட்டாவுக்கு 30 போட்டான், பாதியாகி 15.7 வந்தது. ஆனால் சூத்திரத்தில் இருக்கும் தீட்டா, புலத்துக்கும் சுருளின் தளத்துக்கும் இடையில் உள்ளது அல்ல. தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டுக்கும் புலத்துக்கும் இடையில் உள்ளது. இங்கே அது 60 டிகிரி. விடை 27.2 வோல்ட்.

இதில் எரிச்சலான விஷயம், இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும் என்பதுதான். நான் வகுப்பெடுக்க ஆரம்பித்த புதிதில் போர்டில் போட்டுக் காட்டிய மாதிரிக் கணக்குகளில் பெரும்பாலும் 45 டிகிரிதான். அப்போது வேகமாகப் போட வசதியாக இருந்தது. 45க்கு சைனும் கொசைனும் ஒன்று. தளத்திலிருந்து அளந்தாலும் செங்குத்திலிருந்து அளந்தாலும் விடை மாறாது. புத்தக விடையோடு ஒத்துப்போனதால் நான் தப்பாக அளக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வில் 30 டிகிரி வந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் ஒரே தவறான விடையை எழுதியிருந்தார்கள். "சார், நீங்க சொன்ன மாதிரிதான போட்டோம்" என்று ஒரு பெண் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து 45 டிகிரியை என் வகுப்பில் மாதிரிக் கணக்குக்கு எடுப்பதே இல்லை.

கோணத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. ஆடிக் காற்றில் மொட்டைமாடிக்குப் போய் ஒரு சல்லடையைப் பிடித்துப் பாருங்கள். சல்லடைதான் சுருள், காற்றுதான் புலம். காற்றுக்கு முகம் காட்டிப் பிடித்தால் காற்று முழுக்க உள்ளே புகுந்து போகும். சுருளுக்குள் புகும் புலத்தின் மொத்த அளவு, அதாவது காந்தப்பாயம், அப்போது உச்சம். அந்த நிலையிலிருந்து 10 டிகிரி திருப்பினால் உள்ளே போவது 1.5 சதவீதம்தான் குறையும். சல்லடையின் விளிம்பு காற்றைப் பார்க்கப் பிடித்தால் உள்ளே ஒன்றும் போகாது. ஆனால் அங்கிருந்து அதே 10 டிகிரி திருப்பினால், பூஜ்ஜியத்திலிருந்து 17 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். மின்னியக்கு விசை எவ்வளவு பாயம் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத்தான் பார்க்கும். பாயம் பூஜ்ஜியமாகும் இடத்தில் விசை உச்சத்தில் இருப்பது அதனால்தான். இது புரிந்தவன் 30 டிகிரியைப் பார்த்ததும், "தளம் புலத்தோடு ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது, விடை உச்சத்துக்குப் பக்கத்தில்தான் வரணும்" என்று யோசிப்பான். 15.7 அவன் பேனாவில் வராது.

அரைச் சுழற்சியில் பாயத்தின் மாற்றம் பூஜ்ஜியமா?

இல்லை. சுருள் முகம் காட்டும் நிலையிலிருந்து அரைச் சுழற்சி திரும்பினால் மறுபடியும் புலத்துக்கு நேராக நிற்கும், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு. பாயம் மிகையிலிருந்து குறைக்குப் போகிறது. மாற்றம் இரண்டு மடங்கு. மேலே உள்ள சுருளுக்கு ஒரு சுழற்சி 0.2 வினாடி, அரைச் சுழற்சி 0.1 வினாடி. 100 சுற்றுக்கும் சேர்த்த மாற்றத்தை இந்த நேரத்தால் வகுத்தால் சராசரி 20 வோல்ட். உச்சம் 31.4 என்பதால் சராசரி அதில் பாதி என்று 15.7 எழுதுபவர்களும் உண்டு. அந்த எண் என்னை விடுவதாக இல்லை.

நிமிடச் சுழற்சி

கோணத் திசைவேகம் கிடைக்க, நிமிடச் சுழற்சியை 60ஆல் வகுத்து, இரண்டு பையால் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

உச்சமும் மீட்டரும்

வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் ஏறத்தாழ 325. மீட்டர் காட்டுவது உச்சத்தை அல்ல.

அச்சு எந்தப் பக்கம்?

சூத்திரம் சொல்லாமல் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்று உண்டு: சுழலும் அச்சு புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இது கொஞ்சம் விசேஷமானது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கம் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவிய கேரளத்துத் தும்பாவை அதற்குத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் கோடு ஒரு முக்கியக் காரணம். அதனால் நம் ஊரில் பூமியின் புலம் ஏறத்தாழ தரைக்கு இணையாக, வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. அளவு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. டெல்லியில் அதே புலம் தரைக்குள் நன்றாகச் சாய்ந்து இறங்கும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் 20 செ.மீ. சதுர மரச்சட்டத்தில் 400 சுற்று கட்டினேன். பூமியின் புலத்திலேயே மின்சாரம் எடுத்துக் காட்டுகிறேன் என்று பேச்சு வேறு. வராந்தாவில் அச்சைக் கிடையாக வைத்து, சிறு மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் கால்வனோமீட்டரை மாட்டி, சட்டத்தை டக்கென்று அரைச் சுழற்சி திருப்பினேன். முள் அசையவில்லை. பற்றவைப்பைப் பிரித்தேன், ஒயரை மாற்றினேன், எமரி தாளால் முனையைத் தேய்த்தேன். அரை நாள் போனது. வராந்தா தெற்கு வடக்காக ஓடுகிறது, அச்சும் அதோடு சேர்ந்து வடக்கைப் பார்த்துக் கிடக்கிறது, சுருள் எப்படித் திரும்பினாலும் புலம் அதற்குள் நுழைவதே இல்லை. இது எனக்கு உறைக்கவில்லை. மேல மாசி வீதி, வடக்கு மாசி வீதி என்று திசை சொல்லியே வழி கேட்கும் ஊரில் வளர்ந்தவன் நான்.

சாயங்காலம் கூட்டிப் பெருக்க வந்த அக்கா, "தம்பி, நடைபாதையில கெடக்கு, ஓரமாத் திருப்பி வைங்க" என்றார்கள். மேசையைக் குறுக்காகத் திருப்பினேன். சும்மா ஒரு தடவை சட்டத்தைத் தட்டிவிட்டேன். முள் ஒன்றிரண்டு பிரிவு துள்ளியது.